பெரிய வீட்டில் கால் மணி நேரம்

போன ஆவணியில் ஒரத்தநாட்டுக் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது, நம் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். பேச்சு எங்கெங்கோ போய் ரேடியோ ரூமுக்கு வந்தது. "அந்த வேவுக்காரிய ஞாபகம் இருக்காடி?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சாப்பாடு செரித்தது, அந்தச் சிரிப்பு செரிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். திருப்பூரிலும் சென்னையிலும் பிள்ளைகள் வீட்டோடு இருக்கிறவர்கள் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்கிறவர் நடுவில் எதையும் தாண்டிப் போகாமல் படிக்கிறாரா என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

என் குணம் உங்களுக்குத் தெரியும். காய்காரன் கொடுத்த சில்லறையை அவன் முன்னாலேயே இரண்டு தடவை எண்ணுவேன். பாங்கில் பாஸ்புக் பதிந்து கொடுத்தால் கவுன்ட்டரை விட்டு நகராமல் கூட்டிப் பார்ப்பேன். "அத்தைக்குச் சாமி வரம் குடுத்தாக்கூட ரசீது வேணும்" என்று மருமகள் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது, யார் மூலம் வந்தது என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன். இது பிறவிக் குணம் இல்லை. எனக்குப் பத்து வயதான வருஷம், ஐப்பசிக்கும் மாசிக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டது.

அந்த வருஷம் நம் தெருவில் ஆள் ஆளைப் பார்க்கிற பார்வையே மாறியிருந்தது. கிழக்கே ஊர் ஊராக நடந்த கூலிச் சண்டைகளின் சேதி வந்துகொண்டே இருந்தது. டீக்கடைப் பக்கம் கறுப்பு சிவப்புக் கொடியும், நம் தெரு முனையில் செங்கொடியும் பறந்தன. ஆட்சி மாறிவிட்டது, சட்டம் மாறிவிட்டது என்று ரேடியோ சொன்னது. பெரிய வீட்டுக்காரர் மட்டும் மாறவில்லை. நம் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தில் பாதி நிலம் அவருடையது. பஞ்சாயத்துத் தலைவரும் அவர்தான். அப்பா அவரை 'ஆண்டே' என்று கூப்பிடுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பதிலாக என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், எதிரே வந்தால் இருமிக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

சம்பா அறுவடைக்கு, கலம் நெல்லுக்கு அரைப்படி கூலி கூடுதலாக வேண்டும் என்று சங்கம் கேட்டிருந்தது. அந்த அரைப்படிக்கும் எனக்கும் நேரான சம்பந்தம் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு படிக்க மூன்று மைல் தள்ளிப் போக வேண்டும். பாவாடை, நோட்டு, பஸ்ஸுக்குக் காசு எல்லாம் வேண்டும். அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"அரப்படி கூடுச்சுன்னா புள்ள ஆறாப்பு போவட்டும். இல்லன்னா ஆடியில உன்னோட நடவுக்கு இட்டுக்கிட்டுப் போ."

இந்தக் கணக்கு அந்த வருஷம் முழுக்க என் தலைக்குள் ஓடியது.

அந்த ஐப்பசியில்தான் சேமிப்பு அக்கா வந்தாள். பிள்ளைகளுக்குச் சேமிப்பும் வரவு செலவும் சொல்லிக் கொடுக்கத் தஞ்சாவூரிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்றார்கள். யார் அனுப்பினார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இருபத்திரண்டு வயது இருக்கும். வெளிர் நீலச் சேலை, தோளில் ஒரு காக்கிப் பை, குதிகாலில் தைத்த செருப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் இறங்கி, சாயங்காலம் நாலு மணி பஸ்ஸில் திரும்புவாள். நடுவில் வேறு பஸ் கிடையாது. வகுப்பு ரேடியோ ரூமில். கூரை மேல் ஊமத்தம்பூ மாதிரி ஒலிபெருக்கி, உள்ளே பாட்டரி கசிந்த புளிப்பு வாசனை, சுவரோரம் ஒரு மர அலமாரி. முப்பது பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருப்போம்.

முதல் நாள் ஒரு துணி மூட்டையை அவிழ்த்து நூறு புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டினாள்.

"இது ஒரு வீட்டோட ஒரு வாரக் கூலின்னு வச்சுக்குங்க. எதெதுக்குப் போவுதோ அப்படி அப்படிப் பிரிங்க பாப்பம்."

பிரித்தோம். அரிசிக்கு இவ்வளவு, ராவுத்தர் கடை பாக்கிக்கு இவ்வளவு, மண்ணெண்ணெய்க்கு, வெற்றிலை பாக்குக்கு. எல்லோருக்கும் வியாழக்கிழமைக்கு முன்பே கொட்டை தீர்ந்துவிட்டது. ஒருத்தி அழுதேவிட்டாள், நிஜமாகவே பட்டினி என்று நினைத்துக்கொண்டு. அக்கா சிரிக்கவில்லை.

"தீந்துபோறது தப்பில்ல. எங்க தீந்துச்சுன்னு தெரியணும். அதுக்குத்தான் எழுதுறது."

பிறகு ஆளுக்கொரு ரோஸ் நிற அட்டை. வாரம் ஐந்து பைசாவோ பத்து பைசாவோ கொடுத்தால் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாள். என் பெயரை மையில் யாரோ எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அட்டையை மோந்து பார்ப்பேன். பசை வாசனை அடிக்கும். நத்தை பொறுக்கி ராவுத்தர் கடைக்காரம்மாவின் வாத்துகளுக்குப் போட்டுச் சம்பாதித்த காசு என் அட்டையில் ஏறியது. இப்போது தேடினால் அந்த அட்டை இல்லை. எலி தின்றதோ, அப்பா அடுப்பில் போட்டாரோ.

இன்னொரு ஞாயிறு அவள் கடன் கணக்கு சொல்லிக் கொடுத்தாள். பஞ்ச மாதத்தில் வாங்கிய ஒரு கலம் அறுவடையில் ஒன்றரைக் கலமாகத் திரும்பிப் போவதைப் புளியங்கொட்டையில் அடுக்கிக் காட்டினாள். "இது பெரிய வீட்டு வழக்கம்க்கா" என்றது ஒரு பிள்ளை. "எந்த வீட்டு வழக்கமா இருந்தாலும் கொட்டை இவ்ளோதான்" என்றாள். எனக்கு அது பிடித்துப்போய் வீட்டில் ஓடிவந்து சொன்னேன். அப்பா கலப்பைக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"வாயக் கெளர்றா. யாரு யாரு கடன் வாங்கிருக்கான்னு புள்ளைங்க வாயிலேருந்து புடுங்குறா. நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

"சொல்லாத. அவ என்ன செய்யுறான்னு பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லு."

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு வேலையைக் கொடுத்தால் அதில் குறை வைக்காத பிள்ளை நான். அடுத்த ஞாயிறிலிருந்து பாடத்தை ஒரு காதில் வாங்கிக்கொண்டு அவளையே பார்த்தேன். மூன்றாவது வாரம் பிடித்துவிட்டேன். உச்சி வேளையில் நாம் எல்லோரும் கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போவோம் அல்லவா, அப்போது அவள் ரூமைச் சாத்திவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வேகமாகப் பெரிய வீட்டுக்குப் போனாள். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று எண்ணினேன். கடிகாரம் இல்லாததால் அறுபது அறுபதாக எண்ணினேன். பதினைந்து அறுபது. வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தது. போன வேகம் இல்லை, நிதானமாக நடந்து வந்தாள். மறு வாரமும் அப்படியே. அதற்கு மறு வாரமும்.

அப்பா என்னைச் சங்கத்துக்காரரிடம் கூட்டிக்கொண்டு போனார். நம் தெருவில் கொடி கட்டியவர் அவர். இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனதால் யாரும் அவர் சொல்லைத் தட்ட மாட்டார்கள். களத்து மேட்டில் உட்கார்ந்து நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"முகம் கழுவியிருந்துச்சா?"

"ஆமாங்க."

"அப்ப உள்ள மோரும் குடுத்திருப்பாங்க" என்றார். அப்பா தலையாட்டினார். எனக்கு அந்த மோர் கண்ணுக்கே தெரிந்தது.

கார்த்திகைக் கடைசியில் அக்கா ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தாள். வீட்டில் ஒரு வாரம் என்ன வந்தது, என்ன செலவானது, என்ன சாப்பிட்டீர்கள், என்ன மிச்சம், எல்லாவற்றையும் நாள்வாரியாக எழுதி வரச் சொன்னாள். தெருவே ஆடிப்போனது. அன்று சாயங்காலமே களத்தில் கூட்டம். சங்கத்துக்காரர் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"அறுவடைக்கு நாம வேலைய நிறுத்துவம்னு அவுங்களுக்குத் தெரியும். எத்தினி நாளைக்குத் தாங்குவம்னுதான் தெரியாது. அதுக்குத்தான் இந்த நோட்டு. பானையில நாலு நாளைக்கு நெல்லு இருக்குன்னு தெரிஞ்சா அஞ்சாம் நாள் வரைக்கும் பேசாம உக்காந்திருப்பாங்க. நாம போயி கால்ல வுழணும்."

"நோட்ட எழுதாம வுட்டுட்டா?" என்று அம்மா கேட்டாள். கூட்டத்தில் பெண்கள் பேசுவது அபூர்வம்.

"எழுதாம வுட்டா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். எழுதுங்க. நல்லா இருக்குறோம்னு எழுதுங்க. மூணு மாசம் ஒக்காந்து திம்போம்னு அவன் வயித்துல புளியக் கரைக்கணும்."

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. யார் எழுதுவது என்றபோது எல்லாப் பார்வையும் என்மேல் விழுந்தது. வகுப்பிலேயே என் எழுத்துதான் அழகு.

நான்கு நாட்கள் நம் தெருவே பணக்காரத் தெருவாக இருந்தது. நீங்கள் ஒவ்வொருவராக நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தீர்கள். நான் எழுதினேன், அல்லது சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினீர்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு மூட்டை நெல் இருப்பு, ஒரு வீட்டுக்கு ஒன்றரை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் பிடித்துவிடுவார்கள் என்று மாற்றி மாற்றி வைத்தேன். ஒருத்திக்குத் தினமும் தோசை வேண்டும் என்று ஆசை. சங்கத்துக்காரர் பார்த்துவிட்டு, "தோசை வேணாம், நம்ப மாட்டாங்க. இட்லி வையி, அதுவும் ரெண்டு நாளைக்கு" என்று குறைத்தார். நத்தையையும் வயல் எலியையும் ஆரைக்கீரையையும் எடுத்துவிட்டுக் கறியும் விரால் மீனும் போட்டோம். கடை பாக்கி என்ற வரியே எந்த நோட்டிலும் இல்லை. என் வீட்டுக் கணக்கில் தினம் அரைப்படி பால் எழுதினேன். எங்களிடம் மாடு கிடையாது. பால் என்று எழுதும்போது நாக்கில் நிஜமாகவே இனித்தது. அந்தக் கணக்குகள் ஒரு பைசா பிசகாமல் கூட்டுத்தொகை வந்தன. பொய்யாக இருந்தாலும் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அப்போதே இருந்திருக்கிறது.

அக்கா நோட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நெற்றி சுருங்கிக்கொண்டே போனது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நேத்து ராத்திரி உங்க வீட்ல என்ன சாப்பாடு?"

"விரால் மீன் கொழம்பு."

"பாலு?"

"அரப்படி."

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நத்தை ஓடு கிழித்த கீறல்கள் விரல் முழுக்க இருந்தன. கையை இழுத்துக்கொண்டேன். அவள் நோட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "அடுத்த வாரம் மறுபடி எழுதலாம். உங்களுக்காக எழுதுங்க, யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எதற்காகச் சொல்ல வேண்டும்? அதையும் அப்பாவிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் வகுப்பே நடக்கவில்லை. மார்கழியின் அந்த ஞாயிறு ரேடியோ ரூமில்தான் கூலிப் பேச்சுவார்த்தை. தாசில்தார் ஜீப்பில் வந்தார். பெரிய வீட்டிலிருந்து மேசைவிரிப்பும் கோலி சோடாவும் வந்தன. ஒரு பக்கம் பெரிய வீட்டுக்காரர், இன்னொரு பக்கம் சங்கத்துக்காரரும் அப்பாவும் இன்னும் மூன்று பேரும். ஜன்னலுக்கு வெளியே நாம். எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கிய அக்காவும் போக்கிடம் இல்லாமல் வாசலோரம் நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் நன்றாகத்தான் போனது. இருக்கிற கூலியில் வயிறு நிறையவில்லை என்று சங்கத்துக்காரர் சொன்னார். தாசில்தார் எழுதிக்கொண்டார். "அரைப்படிதானே கேக்குறாங்க" என்று பெரிய வீட்டுக்காரரைப் பார்த்தார். எனக்கு ஆறாம் வகுப்பின் வாசற்படியில் ஒரு கால் வைத்துவிட்டது போல இருந்தது.

பெரிய வீட்டுக்காரர் பதற்றப்படவே இல்லை. காலடியிலிருந்து ஒரு கட்டு எடுத்து மேசையில் வைத்தார். நம் நோட்டுகள்.

"நான் எதுவும் சொல்லலீங்க. அவுங்க புள்ளைங்க கையால எழுதுனது. நீங்களே படிச்சுப் பாருங்க."

தாசில்தார் இரண்டு மூன்றைப் புரட்டிவிட்டு, எழுத்து அழகாக இருந்த ஒன்றை எடுத்தார். அது என்னுடையது. உரக்கப் படித்தார். திங்கட்கிழமை இட்லி. செவ்வாய்க்கிழமை கறி. பால் அரைப்படி. நெல் இருப்பு இரண்டு மூட்டை. ரொக்கம் நாற்பது ரூபாய். சோடா கொண்டு வந்த ஆள்கூடச் சிரித்தான்.

"நான் தாசில்தார்ங்க. என் வீட்லயே தெனம் கறி கெடையாது" என்றார் அவர். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "யாரு இந்தப் பொண்ணு?" என்று பெயரைப் படித்தார்.

உள்ளே போய் நின்றேன்.

"இதெல்லாம் நெசமாம்மா?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கத்துக்காரரைப் பார்த்தேன். அவரும் அப்படியே. பொய் என்றால் எழுதச் சொன்னது யார் என்று கேட்பார்கள். நிஜம் என்றால் அரைப்படி போச்சு. பத்து வயதுப் பிள்ளையிடம் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு ஐந்து ஆண்பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

"நெசம் சார்" என்றேன்.

அப்போதுதான் அக்கா வாசலிலிருந்து உள்ளே வந்தாள்.

"சார், அது கணக்கு எழுதிப் பழகறதுக்குக் குடுத்தது. உண்மையான கணக்கு இல்ல. இந்தப் பொண்ணு கையப் பாருங்க, தெனம் பால் குடிக்கிற வீட்டுப் பொண்ணு கையா?"

"நீங்க யாரும்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் பெரிய வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு முந்திக்கொண்டார். "நமக்கு வேண்டிய பொண்ணுதாங்க. வாராவாரம் நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போறதுதான்."

அந்த ஒரு வார்த்தை போதும். நம் ஆட்கள் அவள் சொன்னது எதையும் அதற்குப் பிறகு காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூலி விஷயம் அடுத்த போகத்துக்குத் தள்ளிப்போனது. வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பேன் என்று அவர் சொன்னதும், மறுநாளே நம் ஆட்கள் பழைய கூலிக்கு அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார்கள். மூன்று மாதம் உட்கார்ந்து தின்ன எந்தப் பானையிலும் எதுவும் இல்லை.

நோட்டு எப்படிப் பெரிய வீட்டுக்குப் போனது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. வேவுக்காரி கொடுத்தாள், அவ்வளவுதான். ரேடியோ ரூம் பஞ்சாயத்துச் சொத்து. அலமாரிக்கு இன்னொரு சாவி பஞ்சாயத்துத் தலைவரிடம் இருக்கும் என்பதும், அந்தத் தலைவர் யார் என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் மனசு வரவில்லை.

அவள் பெரிய வீட்டுக்கு ஏன் போனாள் என்பது எனக்கு விளங்க முப்பது வருஷம் ஆனது. எழுத்தறிவு வகுப்புக்குப் போய் விட்ட படிப்பைப் பிடித்து, மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதினேன். பிறகு என்னையே ஊர் ஊராக அனுப்பினார்கள், பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பாங்குக் கணக்கும் வட்டிக் கணக்கும் சொல்லிக் கொடுக்க. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு ஊர். காலையில் போனவள் மதியம் வரை அடக்கிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் திறந்த வயல், அறுத்து முடித்த நெல்தாள், ஒதுங்க ஒரு புதர் இல்லை. ஊரிலேயே மாடி வீடு ஒன்றுதான் இருந்தது. வெட்கத்தை விட்டுக் கதவைத் தட்டிக் கேட்டேன். முடித்து, கைகால் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, எதிர் வீட்டுச் சுவரோரம் இரண்டு பெண்பிள்ளைகள் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரை ஒரு வயசுப்பெண். நம் ஊரில் அந்த நாளில் கக்கூஸ் இருந்தது ஒரே ஒரு வீட்டில்.

இதைக் கண்டுபிடித்த பிறகும் என் புத்தி சும்மா இல்லை. கக்கூஸுக்குப் போனவள் நாலு வார்த்தை பேசியும் இருக்கலாமே என்று கேட்கிறது. இருக்கலாம். அவள் எதையும் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் ரசீது இல்லை. ஆனால் மாசி மாதம் எங்கள் வீட்டில் நடந்தது உங்களில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள் யாரும் வகுப்புக்குப் போகக் கூடாது, போட்ட காசைத் திருப்பி வாங்க வேண்டும் என்று தெருவில் முடிவானது நினைவிருக்கும். அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, அட்டையைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் எண்ணிக் கொடுத்தாள். எனக்கு வந்தது எண்பது பைசா. அப்பா இரண்டு தடவை எண்ணச் சொன்னார். சரியாக இருந்தது. "பாத்தியா, எவ்ளோ சுத்தமா குடுக்குறா. பழக்கி அனுப்பிருக்காங்க" என்றார்.

எல்லோரும் போன பிறகு அவள் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். அம்மா நத்தை அவித்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை வீடு முழுக்க. அக்கா குனிந்து உள்ளே வந்து, பாயை எதிர்பார்க்காமல் தரையில் உட்கார்ந்தாள். அடுப்பைப் பார்த்தாள், பாலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"தஞ்சாவூர்ல கவர்மெண்ட் ஹாஸ்டல் இருக்குங்க. சோறு, துணி, புஸ்தகம் எல்லாம் சும்மா. ஆறாவதுலேருந்து சேக்குறாங்க. இவள மாதிரி கணக்கு வர்ற பொண்ண நான் பாத்ததில்ல. வீட்டு வருமானத்த உள்ளது உள்ளபடி எழுதணும், நீங்க ரேகை வைக்கணும். அவ்ளோதான்."

"எங்கப்பாவும் ஒரு தாள்ல ரேகை வச்சாரு. இருந்த கொல்லை நெலம் போயிடுச்சு" என்றார் அப்பா.

"இவளையே எழுதச் சொல்லுங்க. இவளையே படிச்சுக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் வைங்க."

அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்தா பொய் சொல்ற மாதிரி இல்லீங்க. வச்சுக் குடுங்க."

"மொகத்தப் பாத்து என்ன தெரியும்? இவ கண்ணால பாத்தவ." அப்பா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ சொல்லு. நம்பலாமா?"

அப்பா அதுவரை என்னிடம் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை. தாளில் என் பெயரை அக்கா ஏற்கெனவே மையில் எழுதியிருந்தாள். எனக்கு ஆசை தொண்டை வரை இருந்தது. ஆனால் நான் பார்த்ததைப் பார்த்தேன் அல்லவா.

"வேணாம்ப்பா" என்றேன். "மறுபடியும் நம்ம வீட்டுக் கணக்கத்தான் கேக்குறாங்க. இவுங்க வாராவாரம் பெரிய வீட்டுக்குப் போவாங்க. சுத்திமுத்தும் பாத்துட்டுப் போவாங்க. கால் மணி நேரம் உள்ள இருப்பாங்க. நான் எண்ணிருக்கேன்."

அப்பா அவளைப் பார்த்தார். "எதுக்கும்மா போனே?"

அக்காவின் முகம் காதுமடல் வரை சிவந்தது. வாயைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள், ஏதோ கெஞ்சுகிற மாதிரி. அம்மா அந்தப் பார்வையைப் புரிந்துகொள்ளவில்லை. சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. ஒரு அந்நிய ஆணின் முன்னால், அந்தக் காலத்தில், ஒரு வயசுப்பெண்ணால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். எங்களுக்கு அதுவே போதுமான சாட்சியாக இருந்தது. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். போகும்போது என் தலையில் கை வைக்க வந்தாள். நான் நகர்ந்துகொண்டேன்.

ஆடியில் அம்மாவோடு நாற்றங்காலில் இறங்கினேன். பிறகு இருபத்தைந்து வருஷம் நடவும் களையும்தான்.

அப்பா அதற்குப் பிறகு நெடுநாள் இருந்தார். என் கல்யாணத்தில், என் பிள்ளைக்குக் காது குத்தியபோது, யார் வீட்டுக்கு வந்தாலும் அவர் என்னைப் பற்றிச் சொல்லிப் பெருமைப்பட ஒரு கதைதான் வைத்திருந்தார். "பத்து வயசுல ஒரு தாளக் கொண்டாந்து நீட்டினா ஒருத்தி. எம் பொண்ணு ஒரே பார்வையில கண்டுபுடிச்சா. இல்லன்னா குடும்பமே போயிருக்கும்." உண்மை எனக்குத் தெரிந்த பிறகும் ஆறு வருஷம் அவர் அதைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்று தலையாட்டினேன்.